ஓய்வில் நாற்பத்தாறு

நாடி பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் ஒரு மலையாள நர்ஸ். ஜெயாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள். வார்டில் நாற்பது படுக்கை, இரண்டே நர்ஸ். "நீங்க சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, எண்ணி எழுதி வையுங்க" என்றாள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக மூன்று விரல் வைக்க வேண்டும். கட்டைவிரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது, அதற்குச் சொந்தமாக ஒரு துடிப்பு உண்டு. விநாடி முள்ளைப் பார்த்தபடி ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும்.

எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு. மறுநாள் நூற்று இருபத்தாறு. டைபாய்டு குடலைத் துளைத்துவிட்டது என்று டாக்டர்கள் சொன்ன அன்று நூற்று நாற்பது. ஒன்பதாம் நாள் காலையில் எண்ண முடியவில்லை. 1977 ஜனவரி கடைசி. என் மனைவிக்கு இருபத்தாறு வயது. எனக்கு இருபத்தொன்பது. எங்கள் பெண் வகுளாவுக்கு நாலு முடிந்து ஒரு மாதம்.

ஜெயா போன பிறகும் விரல்களுக்குப் பழக்கம் விடவில்லை. காலையில் கண் திறந்ததும் ஒரு மணிக்கட்டைத் தேடின. இருந்தது என்னுடையதுதான். அதை எண்ணினேன்.

ஒழுங்காக எண்ணினேன். எனக்கு வேலையே அதுதான். லோதி ரோடில் மத்திய அரசின் புள்ளிவிவர அலுவலகம் ஒன்றில் இருந்தேன். நாடு முழுவதிலிருந்தும் குடும்பங்களைப் பற்றிய படிவங்கள் வரும். மூன்று பேர் உள்ள வீட்டில் மாதம் தொண்ணூறு கிலோ அரிசி சாப்பிட்டதாக எழுதியிருந்தால் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு எண்ணை எப்போதும் ஒரே நிலைமையில் எடுத்தால்தான் இன்னொன்றோடு ஒப்பிட முடியும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் எழுந்திருப்பதற்கு முன், பேசுவதற்கு முன், புரண்டு படுப்பதற்கும் முன் எண்ணுவேன். முழு ஓய்வில் இருக்கிற இதயம். பிறகு கிராப் தாளில் ஒரு புள்ளி வைப்பேன்.

மார்ச்சில் எழுபத்திரண்டு. ஜூனில் அறுபத்து நாலு. அந்த ஜூனில் டெல்லி வெயில் நாற்பத்து மூன்று டிகிரியைத் தாண்டியது. எனக்கு வியர்க்கவில்லை. செப்டம்பரில் ஐம்பத்தாறு. தீபாவளியின்போது ஐம்பது. டிசம்பர் முதல் வாரம் நாற்பத்தாறு.

புள்ளிகள் ஏறக்குறைய ஒரே கோட்டில் விழுந்தன. அளவுகோலை வைத்துக் கோட்டை நீட்டினேன். 1979 ஏப்ரலில் பூஜ்யத்தைத் தொட்டது. இப்படி நீட்டக் கூடாது என்று எனக்குத் தெரியும். முதல் வருஷப் பாடம் அது. வேறு யாராவது நீட்டியிருந்தால் வட்டம் போட்டிருப்பேன். தாளை மடித்து வைத்தேன். பூஜ்யம் வரை போக வேண்டியதுகூட இல்லை. முப்பது போதும்.

நான் அழவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போனபோதும் இல்லை, பத்தாம் நாளும் இல்லை. முதலில் அதிர்ச்சி என்றார்கள். பிறகு வைராக்யம் என்றார்கள். அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் ராஜாராமன் எல்லாரிடமும் சொல்லுவார்: "பட்டாபியைப் பாருங்கோ. இந்த வயசுல பெண்டாட்டியைப் பறிகொடுத்துட்டு, கல்லு மாதிரி இருக்கான். நமக்கெல்லாம் பஸ் தவறினாலே ஆகாசம் இடிஞ்சுடறது."

கல் மாதிரித்தான் இருந்தது. பசி கிடையாது. குளிர் எலும்பில் உட்கார்ந்திருந்தது. பேசத் தொடங்கினால் நாக்கு தடித்த மாதிரி, குரல் வேறு யாருடையதோ மாதிரி. ஒரு வேளைதான் சாப்பிட்டேன். ஆனாலும் எடை பதினோரு கிலோ கூடியது. எங்கே உட்கார்ந்தாலும் தூங்கினேன். காபி குடித்தால் இரண்டு மணி நேரம் மனிதனாக இருப்பேன். ஒரு நாளைக்கு ஏழு, எட்டு தடவை குடித்தேன். எல்லாம் மந்தமாகிப் போன அந்த உடம்பில் பயம் மட்டும் விழித்திருந்தது.

நவம்பரில் ஒரு நாள் மாலை பஸ்ஸில் தூங்கிவிட்டேன். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் எழுப்பினான். வகுளா பள்ளிக்கூட வாசலில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறாள். வாசல் காவலுக்கு இருந்த சௌகிதார் தன் கம்பளியை அவள்மேல் போட்டிருந்தான். அவள் அழவில்லை. "அப்பா, ஸப் லோக் போய்ட்டா" என்றாள், எல்லாரும் போய்விட்டார்கள் என்று. அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் கதவைப் பற்றி யோசித்தேன். எங்கள் குவார்ட்டர்ஸ் இரண்டாவது மாடி. வாசல் கதவின் தாழ்ப்பாள் மேலே இருந்தது. வகுளாவுக்கு எட்டாது. நான் ஒரு நாள் எழுந்திருக்காவிட்டால் அவள் என்னோடு உள்ளே இருப்பாள். யாராவது சந்தேகப்பட்டுக் கதவை உடைக்கிற வரை இருப்பாள். எத்தனை மணி நேரம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. நிறுத்த முடியவில்லை.

தாழ்ப்பாளில் ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டேன். இழுத்தால் திறக்கிற மாதிரி செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது.

"அப்பா கூப்பிட்டா எழுந்திருக்கலைன்னா என்ன பண்ணணும்?"

"கயித்தை இழுக்கணும்."

"அப்புறம்?"

"படியைப் பிடிச்சுண்டு கீழ போகணும். காமாக்ஷி மாமியைக் கூப்பிடணும். ஜல்தி."

"ஜல்தி வேண்டாம். மெதுவா இறங்கணும்."

அவளுக்கு அது விளையாட்டு. தினம் ஒரு தடவை விளையாடினோம். நான் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ள வேண்டும். அவள் மூன்று தடவை "அப்பா" என்று கூப்பிடுவாள். மூன்றாவது தடவைக்கும் கயிறு இழுபடும் சத்தத்துக்கும் நடுவே கொஞ்சம் நேரம் இருக்கும். அந்த நேரத்தில் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எனக்குத் தெரியும்.

டிசம்பரில் டிஸ்பென்சரிக்குப் போனேன். காலை பதினொரு மணி. அதற்குள் நாலு காபி ஆகியிருந்தது. டாக்டர் பதினைந்து விநாடி பார்த்துவிட்டு நாலால் பெருக்கினார்.

"அறுபத்து நாலு. நார்மல்."

"காலையில் படுக்கையில் நாற்பத்தாறு, டாக்டர் சாப்."

"காலையில் உன் படுக்கைக்கு நான் வர முடியுமா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சத்து மாத்திரை எழுதினார். நான் போகவில்லை. மேஜை ஓரத்தில் கிராப் தாளைப் பிரித்து வைத்தேன். எரிச்சலோடு பார்த்தார். பிறகு, என்னை அனுப்பிவிட்டால் போதும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.

அங்கே டாக்டர் மாத்துர். என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருக்கலாம். தாளை ரொம்ப நேரம் பார்த்தார். எப்போது எண்ணினாய், எப்படி எண்ணினாய் என்று கேட்டார். அவர் பேசியது ஆங்கிலம். "உன் உடம்பு சும்மா கிடக்கும்போது எவ்வளவு எரிபொருள் செலவழிக்கிறது என்று பார்க்கலாம். நிற்கிற கார் எவ்வளவு பெட்ரோல் குடிக்கிறது என்று பார்ப்பது மாதிரி. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் வா."

ஞாயிறு மாலை ஏழு மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடவில்லை. காலையில் ஐந்து மணிக்கு டிப்போவில் பால் வாங்கி வந்து, டிகாக்ஷன் இறக்கி, இரண்டு டம்ளர் குடித்தேன். வகுளாவைப் பார்த்துக்கொள்ளக் கீழ் வீட்டுக் காமாக்ஷி மாமி ஒரு பெரிய டம்ளரோடு மேலே வந்தாள்.

"ஒண்ணும் சாப்பிடக் கூடாதாமே?"

"ஆமாம் மாமி. வெறும் வயித்துலதான் போகணும்."

"இந்தக் குளிர்ல சைக்கிள்ல போகணும், வயித்துல ஒண்ணும் இல்லாம. பாவிகள். இந்தா, இன்னொரு வாய் காபியாவது குடிச்சுட்டுப் போ."

குடித்தேன். ஒரு பிஸ்கோத்து நீட்டினாள். மறுத்துவிட்டேன். சோதனை கெட்டுவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு உயரமான உலோக டிரம், அதிலிருந்து இரண்டு சிவப்பு ரப்பர்க் குழாய்கள். டெக்னீஷியன் அரை மணி நேரம் என்னைச் சும்மா படுக்கவைத்தான்.

"குச் காயா?" என்றான், ஏதாவது சாப்பிட்டாயா என்று.

"நஹீன்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

மூக்கில் கிளிப் மாட்டினான். வாயில் ரப்பர் அடைப்பு. டிரம்மில் இருக்கும் பிராணவாயுவைத்தான் இனி சுவாசிக்க வேண்டும். அது குறையக் குறைய ஒரு பேனா முள் தாளில் கோடு போட்டுக்கொண்டு போனது. என் மூச்சின் சத்தம் காதுக்குள் பெரிதாகக் கேட்டது. ஜெயாவுக்குக் கடைசி இரண்டு நாள் வைத்திருந்த குழாயும் இதே சிவப்பு நிறம். எழுந்து ஓட நினைத்தேன். சோதனை கெட்டுவிடும் என்று படுத்தே இருந்தேன்.

வியாழக்கிழமை மாத்துர் ரிப்போர்ட்டைப் படித்தார். "மைனஸ் பன்னிரண்டு. அதாவது சராசரியைவிடப் பன்னிரண்டு சதவீதம் குறைவு. பதினைந்து வரை குறையலாம். உனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை."

"நாற்பத்தாறு..."

"பட்டாபிராமன், உன் மனைவி இறந்துபோனாள். அதுதான் உன் வியாதி. எண்ணுவதை நிறுத்து."

வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இயந்திரம் பொய் சொல்லாது. அப்படியானால் என் விரல்தான் பொய் சொல்கிறது. தன் மணிக்கட்டைக்கூடச் சரியாக எண்ணத் தெரியாத ஒருவனிடம் ஐந்து வயதுக் குழந்தை இருக்கிறாள். முதல் பயம் போகவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது.

எண்ணுவதை நிறுத்தவில்லை. நாற்பத்து நாலு. நாற்பத்து மூன்று.

ஜனவரியில் ஜெயாவின் முதல் வருஷத் திதி, வருஷாப்திகம் வந்தது. ஜெயாவின் அக்கா வைதேஹியும் அவள் கணவர் கஸ்தூரிரங்கனும் சென்னையிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்தார்கள். வைதேஹி மாம்பலத்தில் கணக்கு டீச்சர். அவர்களுக்குக் குழந்தை இல்லை. வாசலில் பெட்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நன்னா இருக்கேளே" என்றாள். "நான் எலும்பும் தோலுமா இருப்பேள்னு நெனச்சு ரயில் பூரா அழுதுண்டு வந்தேன். கன்னமெல்லாம் உப்பியிருக்கு. என் தங்கை போய் இன்னும் வருஷம்கூடத் திரும்பலை."

"டெல்லித் தண்ணி, வைதேஹி" என்றார் கஸ்தூரிரங்கன். "என்னைப் பாரு, இடுப்புல வேஷ்டி நிக்க மாட்டேங்கறது. நானும் இங்கேயே மாத்தல் கேட்டுப் பார்க்கறேன். என்ன ஓய் பட்டாபி, உம்ம செக்ஷன்ல இடம் இருக்கா?"

நான் சிரிக்க நேரம் ஆனது. அதற்குள் அவர் குளிக்கப் போய்விட்டார்.

சாயங்காலம் சமையலறையில் வைதேஹி சொன்னாள்: "திரும்பிப் போக மூணு டிக்கெட் வாங்கியிருக்கு. வகுளாவை அழைச்சுண்டு போறேன்."

நான் டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

"ஏதாவது சொல்லுங்கோ."

"யோசிக்கறேன்."

"ஒரு வருஷமா யோசிச்சுண்டேதான் இருக்கேள். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டேளா அவளுக்காக? காமாக்ஷி மாமியே சொல்றா, ஒரு நாள்கூடப் பார்க்கலையாம். அம்மா இல்லாத குழந்தையைக் கல்லுகிட்ட விட்டுட்டுப் போகச் சொல்றேளா?"

சரி என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. மாம்பலத்தில் கயிறு இழுக்க வேண்டாம். ஆனால் காலையில் நான் எழுந்திருப்பதே வகுளாவுக்குப் பால் காய்ச்சத்தான். அவள் போய்விட்டால் எதற்காக எழுந்திருப்பேன் என்று தெரியவில்லை. அதைச் சொல்ல வாய் திறந்தேன். வைதேஹி போய்விட்டிருந்தாள்.

ஆப்திகத்துக்கு முதல் நாள் மாலையே காபிப் பொடி டப்பாவை எடுத்து அவள் பெட்டியில் வைத்துவிட்டாள். "நாளைக்கு வாத்தியார் சாப்பிட்டு எழுந்திருக்கற வரைக்கும் உங்களுக்குக் காபி கிடையாது. மாசா மாசம் எப்படிப் பண்ணினேளோ தெரியாது. இதையாவது ஒழுங்கா பண்ணுங்கோ."

மாசிகங்களை எல்லாம் காபி குடித்துவிட்டுத்தான் செய்திருந்தேன். சொல்லவில்லை.

காலையில் வெளியே நாலு டிகிரி. ஜன்னலுக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூட்டம். பச்சைத் தண்ணீரில் குளித்து, நனைத்துப் பிழிந்த வேஷ்டியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ஒன்பது மணி இருக்கும். வாத்தியார் மந்திரம் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். முதலில் குளிர் உறைத்தது. பிறகு உறைக்கவில்லை. விரலில் இருந்த தர்ப்பைப் பவித்திரம் நழுவியது. எடுத்துப் போட்டுக்கொண்டேன். மறுபடியும் நழுவியது.

"பேரைச் சொல்லுங்கோ" என்றார் வாத்தியார்.

ஜெயலட்சுமி என்று சொல்ல வேண்டும். நாக்கு புரளவில்லை.

"பேரு, பேரு. ஆத்துக்காரி பேரு."

வைதேஹி கதவோரத்தில் நின்றிருந்தாள். பெயரைக்கூட மறந்துவிட்டானா என்பது போல் என்னைப் பார்த்தாள். நான் பக்கவாட்டில் சாய்ந்தேன். எள்ளும் தண்ணீரும் கன்னத்தில் பட்டன. யாரோ கூப்பிட்டார்கள், எங்கோ தூரத்திலிருந்து. அப்போது எனக்குப் பயமே இல்லை. பத்து மாதத்தில் முதல் தடவையாகப் பயம் இல்லை. இப்போது நினைத்தால் அதுதான் எல்லாவற்றையும்விடப் பயங்கரமாக இருக்கிறது.

கஸ்தூரிரங்கனும் டாக்ஸி ஸ்டாண்டு சர்தார்ஜியும் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் தெர்மாமீட்டரை வாயில் வைத்து எடுத்தாள். உதறினாள். திரும்ப வைத்தாள். இன்னொன்று கொண்டுவரச் சொன்னாள். பாதரசம் கீழ்க் கோட்டை விட்டுக் கிளம்பவில்லை. நாடி முப்பத்தெட்டு. அதை அவள் எண்ணினாள். நான் இல்லை.

கம்பளிகளைப் போர்த்தினார்கள். நரம்பில் ஏதோ ஏற்றினார்கள். கண் தெளிந்தபோது மாத்துர் நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் வைதேஹியும் கஸ்தூரிரங்கனும். கஸ்தூரிரங்கனிடம் கேட்டார்:

"இவர் இன்று என்ன சாப்பிட்டார்?"

"ஒன்றுமில்லை. நேற்று இரவிலிருந்து பட்டினி. இன்று இவர் மனைவியின் திதி. காபிகூடக் கிடையாது."

"காபிகூட?" மாத்துர் என்னைப் பார்த்தார். "அன்று சோதனைக்கு வந்தபோது?"

"வெறும் வயிறு" என்றேன். சொல்லி முடிக்க நேரம் ஆனது.

"காபி?"

"குடித்தேன்."

"எவ்வளவு?"

"மூன்று டம்ளர்."

அவர் கையில் ஒரு சின்ன ரப்பர்ச் சுத்தியல் இருந்தது. அதைக் கட்டில்மேல் வைத்தார். "வெறும் வயிறு என்று சொன்னேனே."

"டாக்டர், எங்கள் வீடுகளில் காபி சாப்பாட்டில் சேராது" என்றார் கஸ்தூரிரங்கன். "விரதத்திலேகூட முக்கால்வாசிப் பேருக்குச் சேராது. இவள் ஒருத்திதான் கண்டிப்பு."

மாத்துர் சிரிக்கவில்லை. காபி உடம்பைக் கொஞ்ச நேரம் உதைத்து ஓடவைக்கும் என்றார். இதயமும் வேகமாகப் போகும், எரிபொருள் செலவும் கூடும். இயந்திரம் அளந்தது என்னை இல்லை, என்னையும் மூன்று டம்ளர் காபியையும் சேர்த்து. டிஸ்பென்சரி டாக்டர் எண்ணியதும் அப்படித்தான். சரியாக அளந்தது ஒரே ஒரு ஆள், விடியற்காலையில் படுக்கையில். "நான் அந்தத் தாளை நம்பியிருக்க வேண்டும்" என்றார்.

மாலையில், நான் எழுந்து உட்கார முடிந்தபோது, நாற்காலியில் முட்டிபோடச் சொன்னார். குதிகாலுக்கு மேலே சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது. திரும்பி வர மறந்ததுபோல் நின்று, பிறகு மெல்ல இறங்கியது.

"நீங்கள் ஒரு தடவை" என்று கஸ்தூரிரங்கனைக் கூப்பிட்டார். அவர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். தட்டியதும் பாதம் துள்ளி, அதே நொடியில் திரும்பியது.

"பாஸா டாக்டர்?"

"பாஸ்" என்றார் மாத்துர். வைதேஹியின் பக்கம் திரும்பினார். "தொண்டையில் தைராய்டு என்று ஒரு சுரப்பி. உடம்பு எவ்வளவு வேகமாக எரிய வேண்டும் என்று சொல்வது அதுதான். இவருக்கு அது ஏறக்குறைய நின்றுவிட்டது. இதயம், குடல், தோல், மூளை எல்லாம் மெதுவாகப் போகின்றன. ரத்தப் பரிசோதனை வர ஒரு வாரம் ஆகும். எனக்குச் சந்தேகம் இல்லை."

"முகம்..." என்றாள் வைதேஹி. "சாப்பிட்டு உப்பினது இல்லையா?"

"இல்லை. வீக்கம்."

நான் கேட்டேன்: "அழுகை?"

மாத்துர் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டார். "அதுவும்தான். எவ்வளவு துக்கம், எவ்வளவு வியாதி என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது."

மறுநாள் வைதேஹி தனியாக வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் பிளாஸ்க். திறக்கவில்லை.

"கதவுல ஒரு கயிறு தொங்கறதே, எதுக்குன்னு வகுளாகிட்ட கேட்டேன். செஞ்சு காட்டினா." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "என்னைப் படுத்துக்கச் சொன்னா. மூணு தடவை அப்பான்னு கூப்பிட்டா. அப்புறம் கயித்தை இழுத்துட்டுக் கீழ போய்ட்டா."

நான் கூரையைப் பார்த்தேன்.

"எனக்கு ஒரு கார்டு போடக் கூடாதா?"

"என்னன்னு எழுதறது?"

"இப்படி இப்படின்னு. நான் என்ன அந்நியமா? வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேனே. ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னேளா?"

"சொல்ல ஆரம்பிச்சேன். அதுக்குள்ள போய்ட்டேள்."

அவள் சட்டென்று சிரித்து, உடனே அழுதாள். பிறகு டிக்கெட்டைப் பற்றிப் பேசினாள். ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், குழந்தை உங்களோடேயே இருக்கட்டும், காமாக்ஷி மாமி கவனித்துக்கொள்வாள் என்றாள்.

அன்று காலை மாத்துர் சொல்லியிருந்தார். தைராய்டு மாத்திரையில் கால் பங்குதான் முதலில். ஒரு வருஷமாகத் தூங்கிய இதயம். திடீரென்று எழுப்பினால் தாங்காமல் போகலாம். மார்பில் வலி வந்தால் உடனே வர வேண்டும். மூன்று மாதம் தனியாக இருக்காதே.

"அழைச்சுண்டு போங்கோ" என்றேன்.

"நெஜமாத்தான் சொல்றேளா? கோபத்துலயா?"

"அவளுக்கு அஞ்சு வயசு. அந்த விளையாட்டு போதும். லீவு விட்டதும் கொண்டுவந்து விட்டுடுங்கோ."

"நான் விடலைன்னா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டு பிளாஸ்கைத் திறந்தாள். உள்ளே கஞ்சி. காபி இல்லை.

வகுளா போன நாள் நான் இன்னும் வார்டில்தான் இருந்தேன். வழியனுப்பப் போகவில்லை. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் அவளை வராந்தாவில் நிறுத்தி ஜன்னல் வழியாகக் காட்டினார்கள். கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். ஒன்றும் தோன்றவில்லை. தோன்றாதது தெரிந்தது.

ராஜாராமன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். பிரம்மச்சாரி. "உம்ம வைராக்யத்தைப் பத்தி ஆபீஸ் பூரா சொல்லி வெச்சேன். கடைசியில சுரப்பியாம். என் மானம் போச்சு" என்றார். கால் மாத்திரை பச்சைத் தண்ணீரில். ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. அவர் கடிகாரத்தோடு காவல் இருப்பார்.

நாற்பத்தெட்டு. ஐம்பத்து நாலு. அரை மாத்திரை. அறுபது. இறங்கும்போது பயந்தவன் இப்போது ஏறும்போது பயந்தேன். தலையணையில் காது வைத்தால் இதயம் கேட்டது. யாரோ மாடிப்படி ஏறி வருவது மாதிரி. மார்பில் சுருக்கென்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அடுத்த அறையிலிருந்து "ஓய், இருக்கீரா?" என்று குரல் வரும். "இருக்கேன்" என்பேன்.

முகம் வடிந்தது. குரல் திரும்பியது. பிப்ரவரியில் பசித்தது. மார்ச்சில் ஒரு காலை துணி அலமாரியைத் திறந்தேன். ஜெயாவின் புடவைகள் ஒரு வருஷமாக அங்கேதான் இருந்தன. ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவற்றின் வாசனை வந்தது. சட்டென்று கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றேன். உள்ளே ஏதோ இருக்கிறது, வெளியே வரப்போகிறது என்பதுபோல். மாத்திரையை நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். அன்றுதான் மாத்துர் முழு மாத்திரை ஆக்கினார்.

ஏப்ரல் கடைசியில் அவர்கள் வந்தார்கள். புது டெல்லி ஸ்டேஷனில் வைதேஹி என்னைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பினாள். வகுளா அவள் புடவைக்குப் பின்னால் மறைந்துகொண்டாள்.

"அப்பாதான்டி. தெரியலையா?" என்றாள் வைதேஹி.

வகுளா தலையை ஆட்டினாள்.

"பாதி அப்பாவைக் காணோம், அதைத் தேடறா" என்றார் கஸ்தூரிரங்கன்.

"வகுளா" என்று கூப்பிட்டேன். குரலைக் கேட்டு எட்டிப் பார்த்தாள். வரவில்லை. ஆட்டோவில் வைதேஹியின் மடியில் உட்கார்ந்து வழி முழுவதும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அவளுக்குத் தயிர் சாதம் பிசைந்து வைத்தேன். எதிரே உட்கார்ந்தேன். நாலு வாய் சாப்பிட்டாள். பிறகு, நல்ல மாம்பலம் தமிழில், கேட்டாள்:

"அப்பா, அம்மா எப்ப வருவா?"

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவள் ஒரு தடவைகூட இதைக் கேட்டதில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன். அந்தப் பழைய முகத்திடம் கேட்க அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது.

காதில் ரத்தம் இடித்தது. அந்தப் பத்து மாதத்தில் எந்த எண்ணும் என்னை இப்படிப் பயமுறுத்தியதில்லை. வைதேஹி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். அவள் ஏதாவது சொல்வாளா என்று பார்த்தேன்.

"வரமாட்டா" என்றேன். "அம்மா செத்துப்போய்ட்டா, வகுளா."

அதற்கு மேல் முடியவில்லை. தரையில் கையை ஊன்றிக்கொண்டேன். எனக்குள்ளிருந்து வந்த சத்தம் எனக்கே தெரியாத சத்தமாக இருந்தது. கஸ்தூரிரங்கன் உள்ளறையிலிருந்து ஓடி வந்தார். வைதேஹி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

நிமிர்ந்தபோது வகுளா என் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். தயிர்க் கையோடு. வெளுத்துப் போயிருந்தாள்.

"நீயும் செத்துப்போய்டுவியா?"

"நான் மாத்திரை சாப்பிடறேன்."

"தினமுமா?"

"தினமும்."

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை.